கீழே விளக்கு எரிந்த பிறகு

பலவேசம் வாசித்துக்கொண்டிருந்தான். வாசிக்கட்டும், நன்றாக வாசிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஆவுடைச்செல்வி கறுவிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக்கென்று இடறியது. அவன் குரல் இடறவில்லை, அதுதான் எரிச்சல். பொய்யை எழுதி வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படி நிறுத்தி நிதானமாக, கமாவுக்குக் கமா மூச்சு விட்டு வாசிக்க முடியுமா? முடிகிறதே. சட்டையைப் பார், இஸ்திரி போட்டு, மேல் பட்டன் வரை மாட்டி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி. வரலாற்றுத் துறையில் முதுகலை இரண்டாம் வருஷத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கருத்தரங்கு. ஒருத்தர் கட்டுரை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் விவாதிக்க வேண்டும். விவாதம் என்று பேர்தான். எல்லாரும் வரிசையாக எழுந்து கட்டுரையாளருக்கு வாழ்த்துச் சொல்லுவார்கள், பேராசிரியர் கனகசபாபதி தலையை ஆட்டுவார், டீக்கு மணி அடிக்கும். இன்று நான் உன்னை வாழ்த்தினால் அடுத்த வாரம் நீ என்னை வாழ்த்துவாய், கல்யாண வீட்டு மொய் மாதிரி. அதில் மொய் எழுதாத ஒரே ஆள் ஆவுடைச்செல்விதான். இது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், நீங்களே பார்த்தீர்களா அல்லது இன்னொருவர் பார்த்ததைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். மீன் தின்கிறவன் முள்ளைத் தேடுகிற மாதிரி அடிக்குறிப்பைத் தேடுவாள். வகுப்பில் அவளுக்கு வைத்திருக்கும் பேரே அடிக்குறிப்பு. அவளுக்கும் தெரியும். பேர் வைத்தவர்களைவிட அந்தப் பேர் மேல் என்பது அவள் எண்ணம்.

'மேலக்கரை மக்கள் நெடுங்குளத்தின் கரையை வெட்டிவிட்டனர்' என்று அவன் வாசித்தான். அந்த வாக்கியம் வந்ததும் வகுப்பில் இரண்டு மூன்று தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் ஊர் மேலக்கரை என்பது எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினான், பாவி. பெருவெள்ள வருஷம், கார்த்திகை மாசம். குளம் நிரம்பித் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறி மேலக்கரைத் தெருவுக்குள் நுழையப் பார்த்தது. தெருவைக் காப்பாற்ற மேலக்கரைக்காரர்கள் கரையை வெட்டித் தண்ணீரைக் கீழே இறக்கினார்கள். கீழே இருந்தது கீழக்குடி. சனம் செத்தது, ஆடு மாடு போனது, குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதுதான் அவன் கட்டுரை. ஆதாரம்? அடிக்குறிப்பு ஒன்பது. 'தென்பொருநை' மாலை நாளிதழ், வெள்ளத்துக்கு மறுநாள் தேதி, முதல் பக்கம். கட்டுரையின் நகல் வகுப்புக்குச் சுற்றுக்கு வந்த அன்றைக்கே அந்த ஒன்பதின் மேல் அவள் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். மற்ற அடிக்குறிப்புகளிலெல்லாம் கட்டுரையாளர் பேர், தலைப்பு, பக்கம், எல்லாம் ஒழுங்காக இருக்க, ஒன்பதில் மட்டும் செய்தியின் தலைப்பு இல்லை. தலைப்பைப் பார்க்காதவன்தான் தலைப்பை விடுவான். கள்ளன் எங்கேயாவது ஒரு கால்தடம் விட்டுத்தானே போவான். அந்தக் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு மாவட்ட நூலகத்துக்குப் போனாள். பழைய இதழ்களைக் கட்டிவைத்த அறையில் தூசியில் தும்மித் தும்மிக் கண் சிவந்து அந்த வருஷத்துக் கட்டைப் பிரித்தாள். வெள்ளத்துக்கு மறுநாள் இதழ் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பல நாள் கழித்து வந்த இதழில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: அச்சகத்துக்குள் தண்ணீர் புகுந்ததால் இதழ் வெளிவரவில்லை, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவள் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அச்சகமே மிதந்துகொண்டிருந்த நாளில் அச்சடித்த பத்திரிகையாம். முதல் பக்கமாம். மாட்டினாயா மகனே என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்தச் சிரிப்பு அவனிடமிருந்து கடன் வாங்கியது. அதை அவன் அறிய மாட்டான். போன வருஷம் இதே அறையில், இதே மின்விசிறி டக்கென்று இடற, அவள் கட்டுரை வாசித்தாள். 'கார்த்திகை விளக்கு: இரு ஊர்களின் நல்லிணக்கம்.' திருக்கார்த்திகை அன்று மேலக்கரைத் தெருவில் யாரும் முதலில் விளக்கு வைப்பதில்லை. கீழக்குடியில் விளக்கு எரிந்த பிறகுதான் மேலே ஏற்றுவார்கள். வெள்ளத்தில் கரை உடைந்து கீழக்குடிச் சனம் செத்த துக்கத்துக்கு மேலக்கரை காட்டும் மரியாதை அது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளும் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்களை வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு, கையில் தீப்பெட்டியோடு, இருட்டிக்கொண்டு வரும் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். கீழே ஒன்று மினுக்கும், பிறகு இன்னொன்று. ஏ, வச்சிட்டாவ, வச்சிட்டாவ என்று பிள்ளைகள் கத்துவார்கள், தெரு முழுக்கத் தீக்குச்சி கிழியும். எந்த ஊரில் உண்டு இப்படி ஒரு பழக்கம்? கனகசபாபதி எழுந்து நின்று கை தட்டினார். துறை மலரில் போட்டார்கள், பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பரிசு கொடுத்தார்கள். ஆய்வுப் படிப்புக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சார் சொன்னதே அந்தக் கட்டுரையை வைத்துத்தான். அன்றைக்கு எல்லாரும் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகு கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல், "மரியாதையா?" என்றது. பிறகு ஒரு சிரிப்பு. மூக்கு வழியாக வந்த சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் பலவேசம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான், சிரித்தது வேறு யாரோ என்கிற மாதிரி. என்ன கேள்வி என்று சார் கேட்டார். ஒன்றுமில்லை சார், நல்ல கட்டுரை, வாழ்த்துகள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். கேள்வி கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். சிரிப்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அன்றிலிருந்து அவன் பின்னந்தலையைப் பார்த்தால்கூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவன் கழுத்து இன்று அவள் கையில். எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த இதழை எங்கே பார்த்தீர்கள்? அவ்வளவுதான். பொய் ஆதாரம் காட்டினால் கட்டுரை தள்ளுபடி என்று இந்தத் துறையில் விதி. அகமதிப்பெண் போகும், அவன் ஆய்வுப் படிப்புக்குப் போட்ட விண்ணப்பமும் போகும். நூலகத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவன் முடித்ததும் கேட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். சனியன், நிறுத்தத் தெரியவில்லை. வெறும் பொய் என்று காட்டினால் போதாது, உண்மை இதுதான் என்று ஆணி அடிக்க வேண்டும், கரை தானாக உடைந்தது என்று கீழக்குடிக்காரர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், அப்போதுதான் இவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று ஒரு வெறி. வெறியில் பஸ் ஏறினாள். கீழக்குடி அவள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் அங்கே போனதில்லை. மேலே இருந்து விளக்கு மட்டும் பார்த்திருக்கிறாள். நல்லிணக்கம் என்று பரிசு வாங்கியவள், இணங்கிய மற்ற ஊருக்குள் கால் வைத்ததில்லை. இது அவளுக்கு அந்தத் தெருவின் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது, அதுவும் பலவேசத்தின் மேல்தான் வந்தது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பொம்பளை சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வா தாயி, யாரு வீட்டுப் பிள்ள நீ, காலேசா, உக்காரு, தண்ணி குடிக்கியா என்று வாய் நிறையக் கேட்டாள். பேர் முப்பிடாதி. மேலக்கரை என்று ஆவுடைச்செல்வி சொன்னதும் அந்த வாயிலிருந்து 'நீ' போய் 'நீங்க' வந்தது. மரியாதை இல்லை அது, மாட்டைத் தள்ளி நிறுத்தக் கம்பை நீட்டுகிற மாதிரி. "என்ன விசயமா வந்தீங்க?" அவள் கேட்டாள்: வெள்ளத்தப்ப கரை தானா உடைஞ்சதுதானே? கேட்ட விதமே கேவலம். ஆராய்ச்சி முறை என்று ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறாள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்காதே என்பது அதில் முதல் பாடம். பீடி சுற்றும் விரல்கள் நிற்கவில்லை. "தானா உடைஞ்சதா? யாரு சொன்னா?" "எங்க ஊர்ல எல்லாரும்." "உங்க ஊர்ல சொல்லுவாவ. சொல்லாம என்ன செய்வாவ?" நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "கார்த்திகைக்கு எங்க தெருவுல விளக்கு எரியிறதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கீங்களே, எதுக்குன்னு நெனைச்சீங்க?" மரியாதைக்கு என்றாள் ஆவுடைச்செல்வி. அப்போது முப்பிடாதி சிரித்தாள். மூக்கு வழியாக. அதே சிரிப்பு. "மரியாதையா? அது நாங்க போட்ட கட்டு, தண்டன. போலீசுக்குப் போவோம்னு எங்க ஆளுக நின்னப்ப உங்க பெரியாளுக வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னாவ. கேசு வேண்டாம், என்ன சொன்னாலும் கேக்கோம்னாவ. செத்தது எங்க விளக்கு, இனிமே எங்க விளக்கு எரிஞ்ச பொறவுதான் உங்க தெருவுல விளக்கு எரியணும், உங்க கடைசிப் பிள்ள வரைக்கும்னு எங்க மாமனாரு சொன்னாரு. சரின்னு தலையாட்டிட்டுப் போனாவ." பிறகு சுளகைத் தட்டிச் சமன் செய்துகொண்டே, "எங்க பையன் ஒருத்தன் உங்க காலேசுலதான் படிக்கான். எங்க அண்ணன் மகன். பலவேசம்னு பேரு. தெரியுமா?" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வகுப்பில் இரண்டு வருஷம் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் எந்த ஊர் என்று அவள் கேட்டதில்லை. விடுதியில் இருக்கிறான், டவுன்காரன் என்று நினைத்திருந்தாள். இப்போது அவன் கட்டுரையின் ஆறாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறான், நிவாரணம், அரசு ஆணை, எண், தேதி, எல்லாம் சரியான எண் சரியான தேதி. அவள் சரி பார்த்துவிட்டாள். ஒன்பது மட்டும்தான் பொய். அவன் ஊர்த் திண்ணையில் அத்தை பீடி சுற்றிக்கொண்டே சொல்வதை எழுதத் துப்பில்லாமல், இல்லாத பத்திரிகை ஒன்றை உண்டாக்கியிருக்கிறான். ஏன்டா? ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிவதுதான் தொல்லை. கீழக்குடியில் சொல்லுகிறார்கள் என்று எழுதினால் சார் என்ன சொல்லுவார்? கேள்விப்பட்டதெல்லாம் வரலாறு ஆகாதுப்பா, அச்சில் இருக்கா? அச்சில் இருக்கிறது மேலக்கரை சொன்னதுதான். அச்சில் இருக்கிறது அவள் கட்டுரைதான். அதில் அடிக்குறிப்பு ஒன்று: தகவலாளர், சு. ஆறுமுகநயினார், மேலக்கரை. அவள் அப்பா. முன்னெழுத்தும் புள்ளியும் பிசகாமல் அச்சடித்திருந்தார்கள். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்தாள். இன்று நினைத்தால் அது சந்தோஷம் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

இருக்கட்டும், அவசரப்படாதே. ஒரு பொம்பளை சொன்னால் ஆகிவிட்டதா? பகை உள்ள ஊர், சொல்லத்தான் செய்வார்கள். அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். அந்தக் கட்டு நிஜம் என்றே வைத்துக்கொள், கரை உடைந்த ஆத்திரத்தில் பழியைத் தூக்கி மேலே போட்டிருக்கலாம், மேலக்கரையும் பயந்து தலையாட்டியிருக்கலாம். அதனால்தான் மறுபடி போனாள், வேறு வீடுகளுக்கு, இந்த முறை பதிலை வாயில் ஊட்டாமல் கேட்டாள், அன்னைக்கு என்ன பார்த்தீங்க, அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் கலக்காத மூன்று பேர் ஒரே சங்கதியைச் சொன்னார்கள். மழையில் கரைக்காவல் ஆட்கள் அரிக்கன் விளக்கோடு நடந்துகொண்டே இருப்பார்கள், விளக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்குப் பனைமரங்களுக்குக் கீழே ஒரு விளக்கு நகராமல் நின்றது. நின்ற இடத்தில்தான் கரை போனது. அவள் கரைக்கும் போய்ப் பார்த்தாள். குளம் தானாக உடைந்தால் மடைக்குப் பக்கத்தில் உடைய வேண்டும், அங்கேதான் பழைய கசிவு, அங்கேதான் கரை மெலிவு. உடைப்பை அடைத்த புதுமண் அங்கே இல்லை. கரை தடித்த இடத்தில், பனைகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில், நடுவே பனை இல்லாத ஒரு வாய், அதில் அடைத்த புதுமண், இருபுறமும் வேர் பிடித்த பழைய மண். சரி, அதற்கும் வேறு காரணம் இருக்கலாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேடினாள். எலி வளை? வேர் அழுகல்? எதிரிக்காக வழக்காடுகிற வக்கீல் மாதிரி தன் சாட்சிகளைத் தானே குறுக்கு விசாரணை செய்தாள். சாட்சி உடையவில்லை. அவன் எழுதியது நிஜம். இந்த நாற்றம் பிடித்த, மூக்கால் சிரிக்கிற, பத்திரிகை உண்டாக்குகிற பயல் எழுதியது நிஜம், அதற்குக் கையில் ஆதாரம் வைத்திருப்பவள் அவள்.

அப்புறம் மம்பட்டி. கரையை வெட்டிய மம்பட்டி யார் கையில் இருந்தது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு கல்லில் கால் இடித்த மாதிரி சுருண்டுகொள்ளும். கரைக்காவல் வீட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்துப் போவார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கு மீசை முளைத்த வயசு. அவர் போனாரா? அந்தப் பனை இருக்கும் பக்கம் எந்த வீட்டு முறை? கேட்கலாம். நேற்றுக் கேட்டிருக்கலாம், காலையில் போன் பண்ணினாரே, அப்போது கேட்டிருக்கலாம். "சாப்பிட்டியா தாயி, வகுப்புல தைரியமாப் பேசு" என்றார். "சரிப்பா" என்றாள். யாரிடம் வேண்டுமானாலும் எந்தப் பக்கம், எந்த வரி என்று கேட்கிறவளுக்கு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. கார்த்திகை அன்று தெருவே வாசலில் நிற்கும்போது அப்பா மட்டும் வர மாட்டார், பின்வாசலில் மாட்டுத் தொழுவத்தில் எதையாவது குனிந்து செய்துகொண்டிருப்பார். வாங்கப்பா, கீழ வச்சிட்டாவ என்று கூப்பிட்டால், நீங்க ஏத்துங்க, அதான் முறை என்பார். முறை என்பார், மரியாதை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மரியாதை என்ற சொல்லைப் போட்டது யார்? அவள்தான். அப்பா சொன்னது முறை, அவள் எழுதியது மரியாதை, அடிக்குறிப்பில் அப்பா பேர். அப்படியானால் ஒன்பதாம் அடிக்குறிப்புக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவன் இல்லாத பத்திரிகையைச் சொல்ல வைத்தான், அவள் இருக்கிற அப்பாவைச் சொல்ல வைத்தாள். சீ, அது வேறு இது வேறு. வேறா? வேறுதான். மின்விசிறி டக்கென்றது. வேறு இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், உண்மை அச்சேறிவிடும், அவள் பேர் அடிபடாது, அப்பா பேர் அடிபடாது. ஆனால் பொய்யில் மாட்டிய உண்மை எத்தனை நாள் தொங்கும்? நாளைக்கு மேலக்கரையிலேயே விவரமான ஒருத்தன் நூலகத்துக்குப் போவான். அச்சகத்தில் தண்ணீர் என்று கண்டுபிடிப்பான், பார்த்தீர்களா, பத்திரிகையும் பொய், கரையை வெட்டியதும் பொய் என்று தெருவில் போர்டு வைப்பான். அதன் பிறகு கீழக்குடிக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாலோ இன்றைக்கே அதே கதை, சுகமாக, நேர்மையானவள் என்ற பேரோடு. அந்தச் சுகம் நாக்கு நுனியில் இனித்தது. அவன் நிற்பான், முகம் வெளிறும், அன்றைக்குச் சிரித்த மூக்கு வியர்க்கும். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று தனக்குத் தானே பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

"நன்றி" என்று பலவேசம் தாள்களை அடுக்கினான். கனகசபாபதி சார் விழித்துக்கொண்டவர் போல நிமிர்ந்து, "ம், பேசுங்கம்மா, பேசுங்கப்பா, விவாதம்தான் வகுப்புக்கு உயிர்" என்றார். முதல் பெஞ்ச் எழுந்து வாழ்த்தியது. இரண்டாவது பெஞ்ச் அருமையான தலைப்பு என்றது. யாரோ புள்ளிவிவரங்கள் நன்றாக இருந்தன என்றார்கள். ஆவுடைச்செல்வி எழுந்தாள். பின்னால் யாரோ, "ஏ, அடிக்குறிப்பு எந்திச்சிட்டுடே" என்று முனகினார்கள்.

"ஒன்பதாம் குறிப்பு. அந்தப் பத்திரிகைய எங்க பாத்தீங்க?"

பலவேசம் அவளைப் பார்த்தான். எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறான். "நூலகத்துல."

"அந்தத் தேதியில பத்திரிகையே வரல. அச்சகத்துக்குள்ள வெள்ளம். அந்த வருசத்துப் பத்திரிகைக் கட்டு முழுசும் நான் பாத்துட்டேன்."

அறை சட்டென்று சுவாரசியமானது. மூக்கு வியர்த்தது. வியர்த்தே விட்டது. அவள் நினைத்த அளவு இனிக்கவில்லை, ஆனாலும் இனித்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னப்பா இது? பாக்காததப் பாத்தேன்னு எழுதினியா?" அவன் தாளைப் புரட்டினான். "பேசுப்பா." எங்க அத்தை சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லேன்டா, செத்தா போய்விடுவாய் என்று அவள் பல்லைக் கடித்தாள். அவன் கட்டுரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப அந்தப் பகுதிய எடுத்துரு" என்றார் சார். "கரை உடைந்ததுன்னு போடு. வெட்டுனாங்கன்னு ஆதாரம் இல்லாம எழுதினா ரெண்டு ஊருக்குள்ள வம்பு. நம்ம ஆவுடைச்செல்வி கட்டுரையிலயே இருக்கே, அந்த விளக்கு சமாச்சாரம், நல்லிணக்கம், அதப் படிச்சுப் பாரு. அப்படி எழுதணும். நீ உக்காரும்மா, நல்ல கேள்வி."

உட்காரலாம். பின்வாசலில் குனிந்திருக்கும் முதுகு தெரிந்தது. அந்த முதுகைத் திருப்பி முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"என் கட்டுரை தப்பு சார்" என்றாள். "கரைய வெட்டத்தான் செஞ்சாங்க. எங்க தெருக்காரங்க. விளக்கு மரியாதைக்கு இல்ல, கீழக்குடியில போட்ட கட்டு. என் கட்டுரையில நான் விசாரிக்காம எழுதிட்டேன். பலவேசம் காட்டுன பத்திரிகை பொய். எழுதுன விசயம் நிஜம்."

சார் கண்ணாடியை மறுபடி மாட்டி, அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "சரி. அந்த ஊர்க்காரி, நீயே சொல்லும்போது வேற என்ன வேணும்? வெட்டப்பட்டதுன்னே இருக்கட்டும். குறிச்சுக்கோப்பா" என்று பேனாவைத் திறந்தார்.

"சார்." பலவேசம் முதல் முறையாகக் குரலை உயர்த்தினான். "அவங்ககிட்ட ஆதாரம் கேக்கலியே?"

சார், "அதான் அந்தப் பிள்ளையே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பலவேசம் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான், அதே பழைய பார்வை, நன்றி என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. அதைச் சார் கேட்டிருக்க வேண்டும், வகுப்பு கேட்டிருக்க வேண்டும், வேறு யாராவது பேசியிருந்தால் முதலில் அவளே கேட்டிருப்பாள். அவன் பேச்சுக்கு அச்சடித்த பத்திரிகை வேண்டும், அவள் பேச்சுக்கு மேலக்கரை போதும்.

"கேக்க வேண்டியதுதான்" என்றாள். "உடைப்பு மடைப்பக்கம் இல்ல, பனை நின்ன கரையில. போய்ப் பாக்கலாம், இன்னும் தெரியும். நிக்கிற விளக்கப் பாத்தவங்க மூணு பேர், தனித்தனியா விசாரிச்சேன். அந்தக் கட்டப் பத்திச் சொன்னவங்க கீழக்குடி முப்பிடாதி."

அந்தப் பேர் காதில் விழுந்ததும் பலவேசம் தாள்களை மேசையில் வைத்தான். கனகசபாபதி எழுந்து கரும்பலகைக்குப் போனார். இனிமேல் ஒழுங்காக நடத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்ட மாதிரி சாக்பீஸை எடுத்து, தகவலாளர் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தார். "இனிஷியல்?"

ஆவுடைச்செல்வி வாயைத் திறந்தாள். விளக்கு நின்ற இடம் கேட்டாள், பனை கேட்டாள், மண் பார்த்தாள், அந்தம்மாள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடித்தாள். அப்பா பேருக்கு முன்னால் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று அச்சகத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணியவள் அவள்தான்.

"கேக்கல சார்."

சாக்பீஸ் பலகையில் நின்றது.

"மா" என்றான் பலவேசம், பலகையைப் பார்த்து. "மா. முப்பிடாதி. எங்க அத்தை." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "வீட்டு வாசல்ல உக்காந்து அம்புட்டு நேரம் பேசியிருக்கீங்க. பேர முழுசாக் கேக்கணும்னு தோணலியே உங்களுக்கு."

அவள் உட்கார்ந்து, தன் நகலில் ஒன்பதாம் எண்ணைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்துக்குள் 'மா' என்று எழுதிப் புள்ளி வைத்தாள். டீக்கு மணி அடித்தது. யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.